கை நனையாத ஒன்பது வருடங்கள்

1

மெல்போர்னில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் என் மகள் மதுவும் ஏதாவது ஒரு கஃபேயில் சந்தித்துக்கொள்கிறோம். ஒரே ஊரில் இருக்கும் அப்பாவும் மகளும் எதற்குக் கடையில் சந்திக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போன வருடம் அவள் கல்லூரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மூன்று தோழிகளோடு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். அது ஒரு தூரமா என்று கேட்டேன். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் பி.எஸ்ஸி. முடித்த கதையையும் எடுத்துவிட்டேன். அந்தக் கதையை அவள் நூறு தடவை கேட்டவள். நூற்றியோராவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வருவது குறைந்தது. என் மனைவி நடுவில் புகுந்து பஞ்சாயத்து செய்ததில் இந்தச் சனிக்கிழமை ஏற்பாடு.

கடையை அவள்தான் தேர்ந்தெடுப்பாள். ஒரு வாரம் பழைய கார் ஷெட்டை அப்படியே விட்டுவிட்டுக் காபி போடுகிறவர்கள். இன்னொரு வாரம் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதை நாற்காலி என்று சொல்கிறவர்கள். ரொட்டியை வாட்டி அதன் மேல் பட்டர் ஃப்ரூட்டை மசித்துப் பூசிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதில் பாதிதான் எனக்கு இறங்கும். மீதியைக் கட்டித் தரச் சொல்லும்போது இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் என் வாயில் 'பார்சல்' என்றுதான் வருகிறது. ஒருமுறை ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் தேடிவிட்டு வந்து, உங்கள் பெயருக்குத் தபாலில் எதுவும் வரவில்லையே என்று மன்னிப்புக் கேட்டாள். மது மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளாத குறை.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தை மாதம் அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போகிறேன், இந்த முறை நீயும் வருகிறாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் காபியைக் கொஞ்சம் சிந்திக்கூட விட்டேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது தமிழில் கேட்டாள்.

"அத்தை வீட்ல இப்பவாச்சும் தண்ணி வருதா?"

எந்தத் தண்ணி என்று எனக்குப் புரியவில்லை. திருப்போரூரில் இருக்கும் என் அக்கா வீட்டில் தண்ணீருக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. பின்னால் கிணறு, பக்கத்தில் போர், முன்னால் பஞ்சாயத்துக் குழாய். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். பதினோரு வயதில், அம்மா போனில் தன் அம்மாவிடம் பேசியதைக் கேட்டாளாம். 'அவங்க அக்கா வீட்ல இவர் கை நனைக்க மாட்டாராம்.' அத்தை வீட்டில் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை, அதனால்தான் அப்பா அத்தையை ஓட்டலில் பார்க்கிறார் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குப் பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. மதுவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அக்காவை மாமல்லபுரத்தில் ஒரு கடையில் சந்தித்தோம். கிளம்பும்போது மது தன் பையிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்து, வீட்டுக்குக் கொண்டு போங்க அத்தை என்று கொடுத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். ஃபாரின் பிள்ளைகள் இப்படி ஏதாவது கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

2

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் சொல்லும் வரைக்கும் கை நனைக்காதவர்கள் நாம். சண்டை வந்தால் முதலில் நிறுத்துவது சோற்றைத்தான். ஆனால் இதை இங்கிலீஷில் ஒரு பெண்ணுக்கு விளக்கிப் பாருங்கள். 'உன் வீட்டில் என் கையை ஈரமாக்கிக்கொள்ள மாட்டேன்' என்று ஒருவன் கோபமாகச் சொன்னால் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அவளிடம் நடந்ததைச் சொன்னேன். என் அம்மா இறந்த பிறகு அப்பா அக்கா வீட்டில்தான் இருந்தார். நான் அப்போது இங்கே நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். இடைக்கால விசா. தனி அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே நுழைய முடியாது. அந்தக் கடிதத்துக்கு ஒரு படிவம், அந்தப் படிவத்தோடு வைக்க இன்னும் நாலு படிவம். அந்த நேரம் பார்த்து அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தது எனக்குத் தெரியாது. பத்து நாளும் நான் போன் செய்தேன். பத்து நாளும் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அப்பா தூங்கிகினு கீறாருடா."

பதினோராவது நாள் எல்லாம் முடிந்த பிறகு அக்காவின் கணவர், மாமாதான் போன் செய்து சொன்னார். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். கடிதம் வாங்கி நான் போய் இறங்கியபோது காரியம்கூட முடிந்திருந்தது. அக்கா தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"இனிமே இந்த வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

 அக்கா தட்டை அப்படியே திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

3

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அக்காதான் போன் செய்தாள். "வூட்டுக்கு வர மாட்ட. ஓட்டலுக்காவது வருவியா, இல்ல அதுக்கும் எதனா சபதம் போட்டுகீறியா?"

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. எனக்கு முன்னாலேயே வந்து, ஃபேனுக்கு நேராக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். எதிரும் புதிருமாக இரண்டு இலை. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பரிமாறுகிறவர் கூட்டு வைக்க வந்தால் அவர் கையைப் பிடிக்காத குறையாக, அவனுக்கு வெய்ப்பா, இன்னும் கொஞ்சம் வெய் என்று அதிகாரம். தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் போட்டாள். எதையோ சொல்ல வேண்டிய இடத்தில் அப்பளத்தைப் போட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அதை நொறுக்கித் தின்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் ஓட்டல் யாத்திரை. கேளம்பாக்கத்தில் ஏசி போட்ட ஓட்டலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தோசை தின்கிற பிள்ளைகளைப் பார்த்து, பாவம், இதுங்களுக்கு வூட்ல ஆள் இல்லியா என்றாள். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கென்று நடத்தும் கடையில் பேன்கேக் வரவழைத்து, ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, அடேய், இது நம்ம கோதுமை தோசைடா, வெல்லம் போட மறந்துட்டான் என்று தீர்ப்புச் சொன்னாள். வேடந்தாங்கலில் ஏரிக்கரை டீக்கடையில் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே பறவைகளைக் காட்டினாள். "பாரு, அதுங்களும் ஃபாரின்லேர்ந்துதான் வருது. வந்தா மரத்துல உக்காருது. உன்ன மாதிரி ஓட்டல்ல உக்காந்துட்டா போவுது?"  கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டு டீயை ஆற்றிக் கையில் தந்தாள்.

திருப்போரூரில் நடந்ததுதான் உச்சம். கோயிலுக்குப் பக்கத்தில் சுத்த சைவ ஓட்டல். சுவரில் முருகன், அதற்குக் கீழே 'வெளி உணவுப் பண்டங்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு. இட்லி வந்ததும் அக்கா மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தே மூடியைத் திறந்தாள். கருவாட்டுத் தொக்கு. அவள் கணக்குப்படி இதில் தப்பே இல்லை. வூட்லதான கை நனைக்க மாட்டேன்ன, வூட்டுப் பண்டத்த வெளிய துன்ன மாட்டேன்னு சொல்லலியே என்றாள். சட்ட நுணுக்கம் எல்லாம் சரி. ஆனால் கருவாட்டுக்கு அது தெரியாதே. அரை நிமிடத்தில் அந்த ஓட்டல் முழுவதும் எங்கள் மேஜையைத் திரும்பிப் பார்த்தது. எதிர் மேஜையில் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்த குடும்பம் எழுந்தேவிட்டது. சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது, கோயில் ஊர்ல?"

"மருந்துப்பா. தம்பிக்கு சளி."

எந்த ஊரில் கருவாடு சளிக்கு மருந்து என்று அவர் யோசிப்பதற்குள் நான் இட்லியில் தொட்டு ஒரு வாய் போட்டுவிட்டேன். அந்த ருசியை இங்கே எழுதி உங்களுக்குப் புரியவைக்க என்னால் முடியாது. எங்களை மரியாதையாகவே வெளியே அனுப்பினார்கள். தெரு முனை வரைக்கும் வந்து, அக்கா சிரிக்க ஆரம்பித்தவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அந்தப் பக்கம் நடந்தாள். நான் பஸ் ஏற இந்தப் பக்கம் நடந்தேன்.

4

மதுவோடு பேசிய அந்தச் சனிக்கிழமைக்கு மறு வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. மது வருவதைக் கேட்டு நெடுநேரம் சந்தோஷப்பட்டாள். என்ன தின்பாள், காரம் தாங்குவாளா, தரையில் உட்காருவாளா என்றெல்லாம் விசாரணை. பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்த வாட்டி ஓட்டலுக்கு வர முடியாதுடா. முட்டி ரெண்டும் பூட்ச்சி. வாசப்படி எறங்கவே மாமா புடிச்சிக்கணும். நீ வூட்டாண்ட வந்து பாத்துட்டு மட்டும் போ. சாப்புடுன்னு சொல்ல மாட்டேன்."

சாப்பிடு என்று சொல்ல மாட்டேன் என்று அக்கா சொல்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன்னால் தட்டைக் கையில் கொடுத்த அக்கா. அந்த வாரம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இனி அக்காவோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டுமானால் அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இனிமேல் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

வாயால் சொன்ன ஒரு வார்த்தையை வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். இதுவரை அவளிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அப்பா விழுவதற்கு ஒரு மாதம் முன்னால், விசா நிலைமையை அக்காவுக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னேன். 'கடிதம் வர வரைக்கும் அங்க எது நடந்தாலும் எனக்குச் சொல்லிடாதக்கா. சொன்னா நான் கிளம்பி வந்துடுவேன், அப்புறம் எல்லாம் போச்சு.' விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, தனியாக அதைக் காப்பாற்றினாள். காரியத்துக்குப் பிறகு நான் எழுந்து நின்று கத்தியபோது, நீதானேடா சொல்லாதே என்றாய் என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை.

அவள் வீட்டில் கை நனைத்தால் அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று ஆகிவிடும். அவள் மேல் இல்லாத கோபத்தைப் பிறகு யார் மேல் வைப்பேன்? என் மேல்தான். அந்தப் பயத்தில்தான் சபதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை.

5

திதி முடிந்த மறுநாள் நானும் மதுவும் தங்கியிருந்த மாமல்லபுரத்திலிருந்து ஒரு ஆட்டோ பிடித்துத் திருப்போரூர் போனோம். வழியில் ஓர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டே போகலாம் என்று நான் சொன்னேன். பசிக்கலை என்றாள் மது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இளைத்திருந்தாள். மதுவை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு கன்னத்தைத் தடவினாள். என்னைப் பார்த்து, இன்னாடா, தலையெல்லாம் வெளுத்துட்ச்சி என்றாள். வீடு முழுக்க மீன் குழம்பு வாசனை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்போது சந்தைக்குச் சொல்லி அனுப்பினாள், எப்போது அடுப்புக்கு முன்னால் நின்றாள் என்று தெரியவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமாதான் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

ஒரே ஒரு தட்டு வைத்தாள் அக்கா. "நீ வா கண்ணு, நீ சாப்புடு. அப்பா அப்பறமா வெளிய சாப்டுக்குவாரு." குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மது உட்காரவில்லை. கைப்பைக்குள் எதையோ தேடினாள். மெல்போர்ன் கஃபேக்களில் பார்சலோடு தருகிற மரக் கரண்டி ஒன்று காகித உறையோடு வந்தது. அதை மேஜை மேல் வைத்தாள்.

"அப்பா, கைதானே நனையக் கூடாது? ஸ்பூன்ல சாப்ட்டா நனையாது."

அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் கஃபேயிலேயே நன்றாகப் புரிந்துவிட்டது. புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். முதலில் மாமாதான் சிரித்தார். சிரித்துவிட்டு, பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி "ரைட்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்து, இன்னொரு தட்டு எடுய்யா என்றாள்.

நான் உட்கார்ந்தேன். சங்கரா மீன் குழம்பு. அதை மரக் கரண்டியால் தின்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று தின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முள்ளும் சதையும் ஒன்றாக வந்தது. நான் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அக்கா, நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். என் தட்டில் கையை வைத்து மீனைப் பிரித்தாள். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். சதையைக் கரண்டிக்கு வாகாகத் தள்ளிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அக்கா முள் எடுத்துக் கொடுப்பதை என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

குழம்புச் சோறு முடிந்தது. அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தால் மகள் முன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. எழுந்துவிட்டேன். என் கை அப்போதும் காய்ந்துதான் இருந்தது.

மெல்போர்னில் அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். பன்னிரண்டு வருடப் பழக்கம். யோசிக்கவே இல்லை, தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அக்கா வீட்டில் ஆம்பளை தட்டு கழுவியதாகச் சரித்திரமே கிடையாது. "வெச்சிட்டு வாடா" என்று அக்கா பின்னாலிருந்து சத்தம் போட்டாள். நான் குழாயைத் திறந்தேன். போர் தண்ணீர், மோட்டார் அப்போதுதான் ஓடி நின்றிருக்க வேண்டும். தட்டில் பட்டுத் தெறித்து முழங்கை வரைக்கும் அடித்தது. நான் நின்று என் கையைப் பார்த்தேன்.

"இன்னாடா அங்க தண்ணி சத்தம்?"

"கை நனைஞ்சிட்ச்சிக்கா."

 குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுக் கழுவிய தட்டோடு திரும்பி வந்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மது குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, ஒன்பது வருடமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அன்னிக்கி சொல்லாதன்னு சொன்னது நாந்தான்க்கா."

"அது எனுக்குத் தெரியாதா." அக்கா என் கையிலிருந்த தட்டை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துச் சோறு போட்டாள். "உக்காரு. இன்னும் ரசம் ஊத்தல."